பனிக்காலம் முடிந்ததும் ஜன்னல் ஓரத்துக்குப் புதுக் கோக்கிங்

கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோவில் எங்கள் வீடு செங்கல் சுவர், வினைல் (பிளாஸ்டிக்) ஜன்னல். ஜனவரியில் மைனஸ் 20 வரை போகும், ஜூலையில் 30 டிகிரி. வினைல் செங்கலைவிடப் பல மடங்கு சுருங்கி விரியும். அந்த இழுபறியெல்லாம் நடுவில் இடைவெளியை அடைக்கும் கோக்கிங் என்ற ரப்பர் மாதிரியான பூச்சின் தலையில்தான் விழுகிறது. பனி கரைந்ததும் வெளியே போய்ப் பாருங்கள், செங்கல் ஓரமாக முடி அளவு விரிசல் ஓடியிருக்கும். மழைத்தண்ணீர் நுழைவது அங்கேதான்.

புதுக் கோக்கிங் போடச் சுவர் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. நான் மே மாதத்தில்தான் செய்கிறேன்.

வேலையில் முக்கால்வாசி பழையதை எடுப்பதுதான். முதல் தடவை விரிசலுக்கு மேலேயே புதுச் சிலிகானைப் பூசிவிட்டேன். அடுத்த வசந்தத்தில் ஒரு முனையைப் பிடித்து இழுத்ததும் முழு நீளமும் நாடா மாதிரி கையோடு வந்தது. காய்ந்த சிலிகான்மேல் புதுச் சிலிகான்கூடச் சரியாக ஒட்டாது. அதனால் இரண்டு ஓரமும் கத்தியால் கீறி உரித்தெடுங்கள். அப்புறம் சட்டத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். வழுவழுவென்று ரப்பர் மாதிரி தட்டுப்பட்டால் பழைய சிலிகான் படலம் இன்னும் போகவில்லை. மறுபடி சுரண்டி, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். செங்கல் பக்கம் கம்பி பிரஷ். 1990க்கு முன் கட்டிய வீடென்றால் பழைய கோக்கிங்கில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கலாம், சோதிக்காமல் கை வைக்காதீர்கள்.

இடைவெளி 6 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால், அதைவிடச் சற்றுத் தடித்த நுரைக்கயிறு, கடையில் பேக்கர் ராட் என்று கேளுங்கள், அதை உள்ளே அழுத்துங்கள். கோக்கிங் இரண்டு பக்கத்தில் மட்டும் ஒட்டினால்தான் இழுபடும். பின்னாலும் ஒட்டிக்கொண்டால் கிழிந்துவிடும்.

வெளிப்புறக் கோக்கிங்குக்கு வெறும் சிலிகான் இல்லாமல் நான் ஹைப்ரிட் சீலன்ட் என்ற கலப்பு வகையைத்தான் வாங்குவேன். செங்கலை நன்றாகப் பிடிக்கும், மேலே பெயின்டும் அடிக்கலாம். அதைப் பிதுக்கும் கன் மட்டும் மலிவானது வேண்டாம். விசையை விட்டபிறகும் ஒழுகிக்கொண்டே இருக்கும்.

இடைவெளியின் இரு பக்கமும் டேப் ஒட்டி, சீலன்ட்டை ஒரே சீராகத் தள்ளி, பத்து நிமிடத்துக்குள் விரலால் அழுத்தி இழுத்து, ஈரமாக இருக்கும்போதே டேப்பை உரித்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர் சட்டத்தின் அடியில் இருந்த சிறு துளைகளையும் சேர்த்து அடைத்துவிட்டாராம். முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். உள்ளே சேரும் தண்ணீர் வடிவதற்கான வழி அவை. அடைபட்டிருந்தால் குடைந்து திறந்துவிட்டு, ஜன்னல் தடத்தில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். வெளியே வடிந்தால் சரி.