ரயன் மலைக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்களுக்கு

கலிஃபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவில் பிள்ளைகளும் பெரியவர்களுமாகச் சேர்ந்து ஏற எந்த மலை நல்லது என்று கேட்டால், யோசிக்காமல் ரயன் மலை என்பேன். உச்சி 5,457 அடி. வண்டி நிறுத்தும் இடமே நல்ல உயரத்தில் இருப்பதால் நாம் ஏறுவது சுமார் 1,050 அடிதான். போய்வர 3 மைல். பாதை தெளிவாக இருக்கும், பல இடங்களில் கல்லாலேயே படி கட்டியிருக்கிறார்கள். நடந்து பழகிய ஏழெட்டு வயதுப் பிள்ளை தாராளமாக ஏறிவிடும்.

நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள். கோடையில் வேண்டவே வேண்டாம், ஒதுங்கி நிற்க நிழல் கிடையாது. காலை எட்டு மணிக்குள் போய்ச் சேருங்கள். வார இறுதியில் அதற்குப் பிறகு வண்டி நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம். காருக்கு நுழைவுக் கட்டணம் 30 டாலர், ஏழு நாள் செல்லும். வீட்டில் நாலாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் அந்த வருடத்துக்கான இலவச பாஸை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். பலருக்கு இது தெரிவதே இல்லை.

தண்ணீர் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். மலையடிவாரத்தில் கழிப்பறை உண்டு, குழாய் கிடையாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது கிட்டத்தட்ட 4 லிட்டர் என்று கணக்கிட்டு வெளியிலிருந்தே கொண்டு போங்கள். பாதியை முதுகுப் பையில் ஏற்றுங்கள், மீதி காரில் இருக்கட்டும். பாலைக் காற்றில் வியர்வை தோலில் தங்காது, உடனே காய்ந்துவிடும். அதனால் உடம்பிலிருந்து எவ்வளவு தண்ணீர் போகிறது என்றே பிள்ளைக்குத் தெரியாது. "தண்ணி வேணுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்லும். கேட்காதீர்கள், கால் மணிக்கு ஒரு தரம் நிறுத்தி இரண்டு வாய் குடிக்க வையுங்கள். கூடவே உப்பும் உள்ளே போக வேண்டும். அதற்கு எங்கள் வீட்டில் புளியோதரையும் வறுத்த கடலையும்தான். தயிர்சாதத்தைக் காரிலேயே ஐஸ் பெட்டியில் விட்டுவிடுங்கள், இறங்கி வந்ததும் அமிர்தமாக இருக்கும்.

எல்லோரும் ஏறுவதற்கே தயாராகிறார்கள். எனக்கு இறக்கம்தான் கவலை. படிகளின் மேல் கருங்கல் உதிர்ந்த பொடி மணல் கிடக்கும். இறங்கும்போது அது சறுக்கும். அதனால் செருப்பு கூடாது, அடிப்பாகம் தேயாத ஷூ வேண்டும். பாதம் முழுக்கப் பதித்து, சின்னச் சின்ன எட்டாக வைக்கச் சொல்லுங்கள். ஓட விடாதீர்கள். பிள்ளைக்கு ஒரு படி கீழே பெரியவர் ஒருவர் போகட்டும். முழங்கால் வலி உள்ள தாத்தா பாட்டிக்கு ஊன்றுகோல் இறக்கத்தில்தான் அதிகம் உதவும். உங்கள் கூட்டத்தில் யாருக்குத் தெம்பு குறைவோ, அவர் பாதித் தெம்பைச் செலவழித்ததும் திரும்பிவிடுங்கள், உச்சி கண்ணுக்கெதிரே தெரிந்தாலும் சரி.

வழியோரப் பாறைகளில் பிள்ளைகள் தாவத்தான் செய்வார்கள். அதற்கு ஒரே விதி போதும்: எதில் தானாக இறங்க முடியுமோ அதில் மட்டும் ஏறு. ஏறும்போது பிடி கண்ணுக்கு நேரே இருக்கும், இறங்கும்போது கால் வைக்கும் இடம் தெரியாது. சந்துகளிலும் கல்லிடுக்குகளிலும் கையை விடக் கூடாது. பாம்பும் தேளும் ஒதுங்கும் இடம் அது.

உச்சியில் காற்று பலமாக அடிக்கும். கீழே வேர்த்ததை நம்பி ஜாக்கெட்டைக் காரில் விட்டுவிடாதீர்கள். மேற்கே சான் ஹசின்டோ, சான் கோர்கோனியோ சிகரங்கள் குளிர்காலத்தில் பனி மூடி நிற்கும். பாலைவனத்தில் நின்றுகொண்டு பனிமலையைப் பார்க்கும் பிள்ளையின் முகத்துக்காகவே இவ்வளவு தூரம் போகலாம். ஆரஞ்சுத் தோலைக்கூட அங்கே போடாதீர்கள். ஈரமில்லாத மண்ணில் அது லேசில் மக்காது.

போன் சிக்னலை நம்ப முடியாது. வரைபடத்தை முதல் நாளே இறக்கிவைத்து, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். பையில் ஒரு முள்வாங்கியும் பழைய சீப்பும் இருக்கட்டும். ச்சோயா (cholla) என்றொரு கள்ளி இருக்கிறது, லேசாக உரசினாலே அதன் முள் உருண்டை கழன்று ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் அந்தக் கையிலும் ஏறும். சீப்பை உருண்டைக்கும் தோலுக்கும் நடுவே விட்டு, ஆள் இல்லாத பக்கமாக ஒரே வீச்சில் தட்டிவிடுங்கள். தங்கிய முட்களை முள்வாங்கியால் எடுக்கலாம்.