நொய்க்கோல்ன் சின்னத்தைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெர்லின் மாவட்டமான நொய்க்கோல்னின் கேடயச் சின்னத்தைப் படிக்கப் புதிதாக வருகிறவர்களும் நாங்கள் அன்று விழுந்த அதே குழியில்தான் விழுகிறார்கள். கழுகுக்கும் பருந்துக்கும் வித்தியாசம் தெரியாத குழப்பத்தை விட்டுவிடுகிறேன். பழகப் பழகச் சரியாகிவிடும்.

கிண்ணத்தைச் சாராயக்கடையோடு சேர்ப்பது

கேடயத்தின் மேல்பாதியில், கறுப்புப் பின்னணியில் வெள்ளிக் கிண்ணம். ஊரின் பழைய பெயர் ரிக்ஸ்டோர்ஃப். குடிக்கும் கூத்துக்கும் பேர்போன இடம். அந்தக் கெட்ட பெயர் தொலையட்டும் என்றுதான் 1912இல் நொய்க்கோல்ன் ஆக்கினார்கள். உடனே, 'குடிகார ஊர், அதான் கிண்ணம்' என்று மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறார்கள். அவப்பெயரால் கூசிக்கிடந்த நகராட்சி அதையே 1903இல் சின்னத்தில் பொறித்திருக்குமா?

அது செக் சீர்திருத்தப் போதகர் யான் ஹுஸின் வழிவந்தவர்களின் நற்கருணைக் கிண்ணம். திராட்சை ரசம் குருமாருக்கு மட்டுமல்ல, சாதாரண விசுவாசிக்கும் உண்டு என்று இன்றைய செக் நாட்டிலுள்ள போஹீமியாவில் சண்டை போட்டவர்கள் அவர்கள். மதத்துக்காக அங்கிருந்து ஓடிவந்த புராட்டஸ்டண்டுகளை 1737இல் பிரஷ்ய மன்னர் முதலாம் ஃபிரெட்ரிக் வில்ஹெல்ம் இங்கே குடியமர்த்தினார். கிர்ஷ்காஸே சந்தில் 1753ஆம் ஆண்டுப் பள்ளிக்கூடத்தின் முகப்பை அண்ணாந்து பாருங்கள், அதே கிண்ணம் இருக்கும்.

ஒரு நடைச் சுற்றுலாக் குழு 'மதுக்கோப்பை' என்றே துண்டுப்பிரசுரம் அடித்தது. அச்சுக்குப் போகும் முன்பே சொன்னேன். "யார் இதையெல்லாம் பார்க்கப்போகிறார்கள்?" என்றார்கள். பார்த்தது யார் தெரியுமா? அந்தக் குடியேறிகளின் சபையில் இன்றும் வழிபடும் ஒரு பாட்டி! கட்டுக்கட்டாகப் பழைய பேப்பருக்குப் போயிற்று. காசு போனதைவிட, அந்த அலட்சியம்தான் எனக்கு இன்றும் எரிகிறது.

டெம்ப்ளர் சிலுவை என்பது

பக்கத்தில் டெம்பெல்ஹோஃப் என்ற பகுதி இருப்பதால், பெயரின் ஒலியைக் கேட்டு வரும் மயக்கம். சிலுவைப்போர்க் கால வீரத்துறவிகளின் டெம்ப்ளர் சபை 1312இலேயே கலைக்கப்பட்டது. 1360இல் ஊருக்குச் சாசனம் தந்தவர்கள் அதேபோன்ற இன்னொரு வீரத்துறவிகள் சபையான யோஹான்னிட்டர் சபையார். கீழ்ப்பாதியில் சிவப்பின்மேல் நிற்கும் எட்டு முனை வெள்ளிச் சிலுவை அவர்களுடையது.

இடம், வலம்

கேடயம் ஏந்தியவரின் கைப்பக்கம்தான் கணக்கு. ஆகவே நமக்கு இடப்பக்கம் தெரியும் கிண்ணம் வலப்பக்கத்தில் இருக்கிறது. பிராண்டன்புர்க்கின் சிவப்புக் கழுகு இடப்பக்கத்தில்.

வெள்ளிக்குச் சாம்பல் நிறம்

வேண்டாம். வெள்ளை போதும்.

மேலே உள்ள மதில் கிரீடம்

மூன்று கோபுரம், நடுவில் கரடிக் கேடயம். பெர்லினின் 12 மாவட்டங்களுக்கும் இது பொது. நொய்க்கோல்னுக்கென்று இதில் தனிக் கதை தேடாதீர்கள்.