‘தளபதி’யை மகாபாரதத்தோடு ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1991 தீபாவளிக்கு வெளிவந்த மணிரத்னத்தின் ‘தளபதி’யைப் பற்றிப் பேசுவோர், நாயகன் சூர்யா கர்ணன், அவன் நண்பனான தாதா தேவராஜ் துரியோதனன், சூர்யாவைப் பெற்றுக் கைவிட்ட கல்யாணி குந்தி என்று பட்டியல் போட்டதும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். இதுவே முதல் தவறு. பெயர்களே காட்டிக்கொடுக்கும் ஒற்றுமையைக் கண்டுபிடிப்பதைவிட, இந்தத் தாதா படம் இதிகாசத்திலிருந்து எதை எடுக்காமல் விட்டது என்று பார்ப்பதே பயன் தரும்.

விடப்பட்டவற்றில் முதன்மையானது சூதாட்டச் சபை. பாஞ்சாலியை அங்கே இழுத்துவரச் செய்த பழி துரியோதனன் மீதும், அவளை இழிவாகப் பேசிய பழி கர்ணன் மீதும் தீராமல் நிற்கின்றன. படத்தில் அதற்கு இணையான காட்சியே இல்லை; சுப்புலட்சுமி சூர்யாவைக் காதலித்து, தந்தையின் மறுப்பால் கல்யாணியின் இளைய மகன் அர்ஜுனை மணக்கிறாள். ஆகவே, துரியோதனனின் சாயல் இருப்பதாலேயே தேவராஜைக் கெட்டவன் என்று தள்ளுவதும், அவனைக் கொண்டு துரியோதனனுக்கு நற்சான்று வழங்குவதும் ஒருசேரத் தவறு. பழியைக் கழித்து நட்பை மட்டும் எடுத்துக்கொண்ட படத்தின் வழி, சற்று வசதியானதுதான்.

அந்த நட்பின் வேரை வியாச பாரதத்தில் மட்டும் தேடுவதும் பொருந்தாது. கர்ணன் கை பட்டுத் தன் மனைவியின் மேகலை மணிகள் சிதறியபோதும் ஐயுறாமல் துரியோதனன் ‘எடுக்கவோ கோக்கவோ’ என்று கேட்ட கதை, தமிழில் பாரதம் பாடிய வில்லிபுத்தூரார் வழியாகத் தமிழர் மனத்தில் ஊறியது. தேவராஜ் சூர்யா மீது வைக்கும் ஐயமற்ற நம்பிக்கை அந்த மரபுக்கே நெருக்கமானது.

கண்ணன் படத்தில் இல்லை என்று சொல்வோரும் உண்டு. அதுவும் சரியல்ல. பிறப்பின் உண்மையைச் சூர்யாவிடம் உடைப்பவர் கல்யாணியின் கணவர் கிருஷ்ணமூர்த்தி. உத்தியோக பருவத்தில் கர்ணனிடம் அதைச் சொல்பவன் கண்ணன். உண்மையைத் தருமனிடம் சொல்லாதே என்று கர்ணன் கேட்டுக்கொள்கிறான். சூர்யாவோ தாய்க்குத் தெரியக்கூடாது என்கிறான்.

அர்ஜுனை மாவட்ட ஆட்சியராக்கியதை வெறும் நவீன வேடமாக எண்ணவும் கூடாது. குருக்ஷேத்திரம் தாயாதிகளின் அரசுரிமைப் போர். இங்கே சட்டமும் தெருவின் நீதியும் மோதுகின்றன.

முடிவைத்தான் பலர் ரசிகர்களுக்கான சமரசம் என்று ஒரே சொல்லில் கடந்துவிடுகிறார்கள். அப்படியும் இருக்கலாம். ஆனால், பாரதத்தில் கர்ணன் தன் மகன் என்பதைக் குந்தி வெளிப்படையாகச் சொல்வது, அவன் இறந்தபின் நீர்க்கடன் செய்யும் வேளையில்தான். படத்திலோ தேவராஜ் கொல்லப்பட, சூர்யா பிழைக்கிறான், கல்யாணி அவனோடு தங்கிவிடுகிறாள்.