விலை உயர்ந்த ஷாம்பு வாங்குமுன் தலையைப் பாருங்கள்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் 22 ஆண்டுகளாகப் பெண்களுக்கான அழகு நிலையம் நடத்தி வருகிறேன். அதில் முதல் ஒன்பது ஆண்டுகள் விலை உயர்ந்த ஷாம்புவும் சீரமும் ஹேர் மாஸ்க்கும் அலமாரி நிறைய அடுக்கி வைத்து விற்றேன். 1,000 ரூபாய்ப் பாட்டில் ஒன்று போனால் என் கையில் 300 ரூபாய் நின்றது. இப்போது அந்த அலமாரியில் துவைத்த துண்டுகளை மடித்து வைத்திருக்கிறேன்.

காரணம், குளச்சலில் இருந்து வந்த ஒரு பெண். கைக்குழந்தைக்கு நான்கு மாதம். கணவருக்குச் சவூதியில் வேலை. தலையணையிலும் குளியலறையிலும் கிடந்த முடியை ஒரு பையில் சேர்த்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து அழுதாள். வேறொரு கடையில் 6,800 ரூபாய்க்கு 'முடி உதிர்வைத் தடுக்கும்' பெட்டி ஒன்றை ஏற்கெனவே வாங்கியிருந்தாள். நான் என் பங்குக்கு 1,450 ரூபாய்க்கு ஒரு சீரம் விற்றேன். சில மாதங்களில் உதிர்வது நின்றது. நன்றி சொல்ல ஒரு பொதி நெத்திலிக் கருவாட்டோடு வந்தாள்.

கடைக்கு வாடிக்கையாக வரும் தோல் மருத்துவர் ஒருவரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். பிரசவமாகி இரண்டு, மூன்று மாதத்தில் முடி கொட்டத் தொடங்குவது இயல்பு என்றும், பெரும்பாலானவர்களுக்கு எதுவும் தடவாமலே அது தானாக நின்றுவிடும் என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். கடல் கடந்து போய் ஒருவர் உழைத்து அனுப்பிய 8,250 ரூபாய், தானாகவே நின்றுவிடக்கூடிய ஒன்றுக்காகச் செலவாகியிருந்தது. அதில் என் பங்கும் இருந்தது. அந்தக் கருவாடு எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

அதன்பிறகு யார் பாட்டிலைக் காட்டி "இது வாங்கலாமா அக்கா?" என்று கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "குறை எங்கே இருக்கிறது மக்களே? உடம்பிலா, தலைத் தோலிலா, முடி இழையிலா?" இதற்குப் பதில் தெரியாமல் பத்து ரூபாய்கூடச் செலவு செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கொத்தாகக் கொட்டுகிறது, வகிடு அகலமாகிக்கொண்டே வருகிறது என்றால் உடம்பைப் பாருங்கள். ஒரு நாளில் 50 முதல் 100 முடி வரை உதிர்வது எல்லோருக்கும் உள்ளதுதான். அதற்கு மேல் போனால் காலண்டரை எடுத்து இரண்டு, மூன்று மாதம் பின்னோக்கிப் போங்கள். டெங்கு, கடுமையான காய்ச்சல், அறுவைச் சிகிச்சை, பிரசவம், பட்டினி கிடந்து எடை குறைத்தது என ஏதாவது அங்கே இருக்கக்கூடும். அதிர்ச்சி நடந்த அன்றே முடி விழுவதில்லை. இரண்டு, மூன்று மாதம் கழித்தே விழுகிறது. அதனால்தான் நாம் காரணத்தை மறந்துவிட்டு அன்றைக்குக் கையில் இருக்கும் ஷாம்புவைக் குறை சொல்கிறோம். நின்ற பிறகு அன்றைக்குக் கையில் இருக்கும் சீரத்தைப் புகழ்கிறோம். அப்படி எதுவும் நினைவுக்கு வரவில்லையென்றால் இரத்தச் சோகைக்கும் தைராய்டுக்கும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மாதவிடாயில் அதிகம் இரத்தம் போகும் பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவு மிகவும் சாதாரணம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டலாம். முடி உதிர்வுக்குத் தரப்படும் மினாக்ஸிடில் போன்ற மருந்துக்குப் பலன் உண்டு என்பது நிரூபிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் பலன் தெரிய நான்கைந்து மாதமாவது ஆகும். நிறுத்தினால் பலனும் போய்விடும். அதை மருத்துவர் சொல்லித்தான் தொடங்க வேண்டும்.

பயோட்டின் என்ற வைட்டமின் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உடலில் பயோட்டின் குறைபாடு அரிது; ஷாம்புவில் கலந்து அலசினால் முடி வளரும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. மாத்திரையாகச் சாப்பிடுபவர்கள் இரத்தம் கொடுக்குமுன் பரிசோதனைக்கூடத்தில் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தைராய்டு முடிவையே அது தவறாகக் காட்டக்கூடும்.

அரிப்பு, வெள்ளைச் செதில், எண்ணெய்ப் பிசுக்கு என்றால் குறை தோலில். பொடுகுக்குப் பின்னால் மலாசீசியா என்ற பூஞ்சை இருக்கிறது. நம் தலைத் தோலில் சுரக்கும் எண்ணெய்ப்பசைதான் அதற்கு உணவு. மருந்துக்கடையில் கிடைக்கும், பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் 2 சதவீதக் கீட்டோகோனசோல் ஷாம்பு, வாரத்துக்கு இருமுறை, சில வாரங்களுக்கு என்பது வழக்கமான முறை. பலரும் செய்யும் தவறு, நுரை வந்தவுடன் அலசிவிடுவது. மூன்று முதல் ஐந்து நிமிடம் அப்படியே விட்டால்தான் மருந்து வேலை செய்யும். பொடுகு இருக்கும்போது தோலில் எண்ணெய் தேய்த்து இரவு முழுக்க வைத்திருக்காதீர்கள். என் அம்மை இதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

இனி முடி இழை. பெரிய விலை கேட்பவர்கள் அதிகம் பேசுவது இதைப் பற்றித்தான். தோலுக்கு வெளியே தெரியும் முடிக்கு உயிர் இல்லை. அது கெரட்டின் என்ற புரதம். அதற்கு 'ஊட்டம்' கொடுக்க யாராலும் முடியாது. முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. இடுப்பைத் தொடும் சடையின் நுனிக்கு நான்கைந்து வயது ஆகியிருக்கும். அத்தனை ஆண்டு வெயிலும் கடல் காற்றும் சீப்பும் பட்ட நுனி அது. பிளந்த நுனியை ஒட்டவைக்கும் பாட்டில் எதுவும் கிடையாது, வெட்டுவதுதான் வழி.

ஷாம்புவின் வேலை அழுக்கை எடுப்பது. இரண்டு நிமிடம் தலையில் இருந்துவிட்டுச் சாக்கடைக்குப் போகிற ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய் கொடுப்பதை என்னால் ஆதரிக்க முடியவில்லை. கண்டிஷனர் அப்படியில்லை. சேதமான முடியில் எதிர் மின்னேற்றம் இருக்கும். கண்டிஷனரில் உள்ள பொருள்களுக்கு நேர் மின்னேற்றம். அதனால் அவை ஒட்டிக்கொண்டு இழையை வழவழப்பாக்குகின்றன, சிக்கு குறைகிறது, சீப்பில் முடி அறுந்து வருவது குறைகிறது. ஆகவே கையில் 400 ரூபாய்தான் இருக்கிறது என்றால் 150 ரூபாயை ஷாம்புவுக்கும் 250 ரூபாயைக் கண்டிஷனருக்கும் ஒதுக்குங்கள். தோலில் படாமல், காதுக்குக் கீழே நுனிவரை தடவினால் போதும்.

அடுத்து பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். அதிகம் இருப்பது முதலில், குறைவாக இருப்பது பிறகு என்ற வரிசையில்தான் பொருள்கள் அச்சாகியிருக்கும். பினாக்ஸியெத்தனால் என்ற பெயரைத் தேடுங்கள். அது கெடாமல் காக்கும் பொருள். வழக்கமாக 1 சதவீதத்துக்கு மேல் சேர்ப்பதில்லை. முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் ஆர்கன் எண்ணெயோ வெங்காயச் சாறோ இதற்கும் கீழே இருந்தால், அது ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம். விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி வாசனைக்கும் பாட்டிலுக்கும் விளம்பரத்துக்கும் போகிறது. தயாரித்தவர் பெயரும் விற்பவர் பெயரும் வேறாக இருக்கிறதா என்றும் பாருங்கள். இமாசலப் பிரதேசத்தில் பத்தி (Baddi) என்ற ஊரில் உள்ள ஒப்பந்தத் தொழிற்சாலைகளில் பல நிறுவனங்களின் பொருள்கள் தயாராகின்றன.

கணக்கும் போட வேண்டும். சென்ற ஆண்டு மார்த்தாண்டத்தில் நர்சிங் படிக்கும் ஒரு பெண் 250 மில்லி 1,250 ரூபாய் ஷாம்புவோடு வந்தாள். என்னிடம் இருந்தது 200 மில்லி 180 ரூபாய். ஒரு குளியலுக்கு 8 மில்லி என்று வைத்துக்கொண்டோம். அவளுடையது குளியலுக்கு 40 ரூபாய். என்னுடையது 7 ரூபாய் 20 காசு. வாரத்துக்கு மூன்று குளியல் என்றால் ஆண்டுக்கு 156. அவளுக்கு 6,240 ரூபாய், எனக்கு 1,123. இந்தக் கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்தால்தான் மனதில் உறைக்கும். சிறு பாக்கெட்டையும் விட்டுவிடாதீர்கள். அதே ஷாம்பு பாட்டிலைவிடப் பாக்கெட்டில் மில்லிக்கு மில்லி மலிவாக இருப்பது நம் நாட்டில் அடிக்கடி நடக்கிறது.

விலை கொடுக்கத் தகுந்த இடமும் உண்டு, மறைக்க மாட்டேன். முடியை பிளீச் செய்து நிறம் ஏற்றியவர்களுக்கு, உள்ளே அறுந்த பிணைப்புகளைக் குறிவைத்துச் செய்யும் சிகிச்சைப் பொருள்கள் உதவலாம். நிறம் ஏற்றாத கறுத்த முடிக்கு அவை தேவையில்லை. சுருள் முடிக்காரர்களுக்கு நல்ல கனமான கண்டிஷனர் காசுக்குத் தகுந்தது. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறும் இந்த மாவட்டத்தின் ஈரக்காற்றில் சுருள் முடி எப்படிப் புடைத்து நிற்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். சல்பேட் (நுரை தந்து எண்ணெயை எடுக்கும் பொருள்) இல்லாத ஷாம்பு நிறம் ஏற்றியவர்களுக்கும் வறண்ட தலைக்கும் சரி. ஆனால் வாரம் தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர்களுக்கு அது எண்ணெயை முழுதாக எடுப்பதில்லை. இரண்டு மடங்கு ஊற்ற வேண்டிவரும். வாடிக்கையாளர்களின் தலையைக் கழுவிக் கழுவி நானே கண்டது இது.

தண்ணீரைப் பார்க்காமல் ஷாம்புவை மாற்றாதீர்கள். கடலோரத்துக் கிணறு, ஆழ்துளைக் கிணறுகளில் உப்பும் கடினத்தன்மையும் ஏறியிருக்கும் இடங்கள் உண்டு. ஒரு தெளிவான பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் எடுத்து, சீவிய குளியல் சோப்புச் சிறிது போட்டுக் குலுக்குங்கள். நுரை நிற்காமல் பால் போலக் கலங்கினால் கடின நீர். மழைநீரில் இதையே செய்து ஒப்பிடுங்கள். முட்டம் பக்கத்து மாமி ஒருவர் நான்கு ஷாம்பு மாற்றியும் முடி வைக்கோல் போலவே இருந்தது. கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி மழைநீர் பிடித்து வைக்கச் சொன்னேன். அது போதுமானதாக இருந்தது.

எண்ணெய் விஷயத்தில் நம் ஊர் வழக்கத்துக்கு ஆதாரம் இருக்கிறது. 2003-இல் வந்த ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியில் இருந்து புரதம் வெளியேறுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதிலுள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது. அதனால் இழைக்குள்ளே புக முடிகிறது. ஆய்வு செய்தவர்கள் எண்ணெய் விற்கும் மாரிகோ நிறுவனத்தினர் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். குளிப்பதற்கு அரைமணி நேரம் முன்பு இழையில் தடவினால் போதும். கையுண்ணியும் (கரிசலாங்கண்ணி) சின்ன உள்ளியும் (சின்ன வெங்காயம்) போட்டு வீட்டில் காய்ச்சுவது மணத்துக்கும் மனதுக்கும் நல்லது. அதையே 900 ரூபாய்க்கு அலங்காரக் குப்பியில் வாங்க வேண்டாம். செம்பரத்தி இலைத் தாளியும் (இலையைக் கசக்கி எடுக்கும் கொழகொழப்பான சாறு) வழவழப்புத் தரும், செலவில்லை.

ஒரு செலவை மட்டும் நான் கண்டிப்பாகத் தடுப்பேன். முடியை நேராக்கும் 'கெரட்டின்' சிகிச்சைகள் சிலவற்றில், சூடாக்கும்போது ஃபார்மால்டிஹைடு வாயு வெளிவருகிறது. அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இலேயே வகைப்படுத்திவிட்டது. பாட்டிலின் பட்டியலைக் காட்ட மறுக்கும் நிலையத்தில் உட்காராதீர்கள். கண் எரிந்தால் எழுந்து வெளியே வந்துவிடுங்கள்.

இவ்வளவு கேட்ட பிறகும் அந்த நர்சிங் மாணவிக்கு மனம் ஆறவில்லை. "அக்கா, கையில் தொட்டால் வித்தியாசம் தெரிகிறதே" என்றாள். அப்படியானால் இரட்டைப் பின்னல் போடு என்றேன். நடு வகிடு எடுத்து, நான்கு வாரம் வலப்பக்கம் அவளுடைய ஷாம்பு, இடப்பக்கம் என்னுடையது. இரண்டு பக்கமும் ஒரே கண்டிஷனர், ஒரே தண்ணீர். எந்தப் பக்கம் எது என்று தெரியாத ஒருவர் தொட்டுச் சொல்ல வேண்டும். தெரிந்தவரின் விரலுக்கு விலையும் தெரிந்துவிடும்.

நான்கு வாரம் கழித்து வந்து சொன்னாள். மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்த அவளுடைய அம்மா கையைக் கழுவித் துடைத்துவிட்டு இரண்டு பின்னலையும் பிரித்துத் தடவிப் பார்த்தாராம். இரண்டும் ஒன்றுதான், வலப்பக்கம் கொஞ்சம் மணக்கிறது என்றாராம். பாட்டிலின் விலையை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை என்றாள். பாதி மீதம் இருந்தது. கொட்டிவிடாதே, கல்யாண வீட்டுக்குப் போகும் நாட்களுக்கு வைத்துக்கொள், தீர்ந்ததும் மறுபடி வாங்காதே என்று சொல்லி அனுப்பினேன்.