கொரிய யோயோ ஒன்றை எடைபோடுவது எப்படி

யோயோ வாங்கின ஜோரில் எழுதும் விமர்சனத்தில் புது மாப்பிள்ளை மிடுக்குதான் இருக்கும். நானும் அப்படி எழுதி அசடு வழிந்தவன். குறைந்தது இரண்டு வாரம் ஆடி, நான்கைந்து கயிறு தேய்ந்த பிறகு எழுதுங்கள். தென் கொரியாவின் சுவோனில், ‘வன்ரூம்’ என்று இங்கே சொல்லும் ஒற்றையறை வீட்டில் இருக்கிறேன். அதிகம் பேர் கேள்விப்படாத ஒரு கொரியத் தயாரிப்பாளரின் பைமெட்டல் (இரண்டு உலோகம் சேர்ந்த) யோயோவை நான் சோதித்த விதத்தைச் சொல்கிறேன். நடுவில் ஒரு கோளாறும் வந்ததால் பெயர் வேண்டாம்.

பெட்டியைப் பிரித்ததும் கை துறுதுறுக்கும். பொறுங்கள், முதலில் அளவெடுங்கள். 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசும் ஒரு வெர்னியர் காலிபரும் போதும். பெட்டியில் 56 மி.மீ. விட்டம், 44 மி.மீ. அகலம், 65 கிராம் என்று போட்டிருந்தது. என் தராசில் 65.3. அது ஒரு குறையே இல்லை. அப்புறம் யோயோவைத் திருகிக் கழற்றி, நடுவில் சுழலும் பேரிங்கையும், இரண்டு பாதிகளையும் இணைக்கும் திருகான ஆக்ஸிலையும் எடுத்துவிட்டு இரண்டு பாதிகளையும் தனித்தனியே வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே எடை. லேத் பக்கம் நின்று பழகியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

உடல் 7075 அலுமினியம், விளிம்பில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வளையம். எடை நடுவை விட்டு விளிம்புக்கு நகர நகர, அதே 65 கிராம் கூடுதல் நேரம் சுழலும், லேசில் சாயாது. பெட்டியில் ‘உயர்திறன்’ என்று போடுவது பெரும்பாலும் இதற்காகத்தான். ஆனால் எண்களை மட்டும் அடுக்கினால் அது விமர்சனம் ஆகாது, தயாரிப்பாளரின் விளம்பரத்தை நாம் திரும்பத் தட்டச்சு செய்தது ஆகும்.

பக்கத்தில் வைத்து ஒப்பிட இன்னொரு யோயோ வேண்டும், அதுவும் பலருக்குப் பழக்கமானதாக. நான் யோயோஃபேக்டரி என்ற கம்பெனியின் ஷட்டரை வைத்துக்கொள்கிறேன். 2014இல் பிராகில் ஜென்ட்ரி ஸ்டீன் உலகப் பட்டம் வென்ற மாடல் அது, ஒற்றை உலோகம். இரண்டிலும் ஒரே கட்டிலிருந்து எடுத்த பாலியஸ்டர் கயிறு, ஒரே நீளம். பேரிங்கும் இரண்டிலும் ‘சி’ அளவுதான்: உள்விட்டம் 6.35, வெளிவிட்டம் 12.7 மி.மீ. அதனால் ஒன்றிலிருந்து கழற்றி மற்றதில் போடலாம். இந்த வசதிதான் என்னை ஒரு பழியிலிருந்து காப்பாற்றியது.

யோயோவை வீசி, அது கயிற்றின் அடியில் சுழன்று நிற்கும்போது கட்டைவிரல் நகத்தை விளிம்பில் லேசாக வையுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் நல்லது. ‘டர்ர்’ என்று நகத்தில் தட்டினால் அதிர்வு இருக்கிறது. எனக்கு முதல் நாளே டர்ர். சின்னக் கம்பெனி, வேலை இப்படித்தான் இருக்கும் என்று அரைப் பக்கம் திட்டி எழுதியும் வைத்துவிட்டேன். மறுநாள் ஷட்டரின் பேரிங்கை அதில் போட்டேன். அதே டர்ர். எடையோ ஏற்கனவே சரி. கடைசியில் ஆக்ஸிலைக் கழற்றி மொபைல் திரைமேல் உருட்டிப் பார்த்தேன். நொண்டி நொண்டி உருண்டது. ஒவ்வொரு சுற்றிலும் அடியில் ஒரு வெளிச்சக் கீற்று தெரிந்து மறைந்தது. வளைந்த ஆக்ஸில்! கையிருப்பில் கிடந்த வேறொரு எம்4 ஆக்ஸிலைப் போட்டேன், நகம் வழுக்கியது. (மாட்டும்போது பலம் காட்டாதீர்கள், அலுமினியத்தில் மரை போனால் போனதுதான்.) தயாரிப்பாளருக்கு எழுதினேன், ஒரு வாரத்தில் இரண்டு ஆக்ஸில் அனுப்பினார்கள். திட்டிய அரைப் பக்கத்தை அழித்தேன், ஆனால் வந்தபோது அதிர்ந்தது என்பதை எழுதாமல் விடவில்லை. காசு கொடுத்து வாங்குபவருக்கு அது தெரிய வேண்டும்.

சுழலும் நேரத்துக்குப் பத்து வீச்சு, பேரிங்கைக் கழுவி உலர்த்திய பிறகு. ஆகச் சிறந்ததையும் ஆக மோசமானதையும் தள்ளிவிட்டு நடுவில் வருவதை எழுதுங்கள்.

பைண்டுக்கு, அதாவது யோயோவைக் கைக்குத் திரும்ப வரவழைப்பதற்கு, இன்னும் பொறுமை வேண்டும். இந்த வகை யோயோ சுண்டி இழுத்தால் மேலே வராது. கயிற்றை ஒரு மடிப்பாக இடைவெளிக்குள் ஊட்டி, உள்ளே இருக்கும் சிலிக்கோன் பேட் அதைக் கவ்வினால்தான் கைக்குத் திரும்பும். இருபது முறை செய்து எத்தனை வழுக்கியது என்று எண்ணுங்கள். புதுப் பேடும் தடித்த கயிறும் சேர்ந்தால் வித்தைக்கு நடுவிலேயே கவ்விக்கொண்டு மேலே பாயும். என் நடுவிரல் மூட்டு இரண்டு நாள் வீங்கியிருந்தது. மெல்லிய கயிறு போட்டதும் அந்தத் தொல்லை போயிற்று. அதனால் முதல் நாள் ஒரு முறை, கடைசி நாள் ஒரு முறை என்று எண்ணுங்கள்.

வேண்டுமென்றே கோணலாக வீசியும் பாருங்கள். நேராக வீசினால் எந்த யோயோவும் நல்ல பிள்ளைதான். கோணலாக வீசி நான்கைந்து வித்தை தாங்குகிறதா என்பதில் ஷட்டரைவிட இது தெளிவாக ஒரு படி மேல். ஆனால் வேகமாகத் திசை மாற்றும் இடத்தில் எனக்கு ஷட்டர்தான் இன்னும் கைக்கு அடக்கம்.

எந்தப் பருவத்தில் ஆடினீர்கள் என்பதையும் குறியுங்கள். ஜூன் கடைசியில் இங்கே ‘சாங்மா’ மழை தொடங்கினால் விரல் வியர்த்துக் கயிறு இழுபடும். ஜனவரியில் தோல் வறண்டு, அதே கயிறு விரலை அறுக்கும். இரண்டுக்கும் யோயோவைக் குறை சொல்லக் கூடாது.

உங்கள் கை எப்படிப்பட்டது, எத்தனை வருடம் ஆடுகிறீர்கள், வாங்கினீர்களா, சும்மா கொடுத்தார்களா என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். சின்னத் தயாரிப்பாளர்கள் சிறு சிறு தொகுதிகளாகத்தான் கடைசல் செய்வார்கள். அடுத்த தொகுதியில் ஏதாவது மாற்றியிருக்கலாம், அதனால் உங்களுடையது எந்தத் தொகுதி என்று எழுதுங்கள்.

படம் எடுக்கும்போது அடிபட்ட பக்கத்தை மறைக்க வேண்டாம். என்னுடையதில் ஸ்டீல் வளையத்தில் ஒரு வெட்டு இருக்கிறது. இரவு பதினொரு மணிக்குக் கயிறு அறுந்து தரையில் விழுந்தது. ஐந்து நிமிடத்தில் கீழ்வீட்டு அஜும்மா (கொரிய மொழியில் அத்தை மாதிரி) கதவைத் தட்டிவிட்டார். இப்போது ஆடுகிற இடத்தில் யோகா பாய் ஒன்று விரித்திருக்கிறேன்.