எந்தக் காடியின் சாமான் இது? பழைய கிட் காரை மறுபடி ஓட வைப்பது எப்படி

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், முன்பு ஆட்டுக் கொட்டகையாக இருந்த இடத்தில், ஒரு சிவப்பு பகி, அதாவது திறந்த சின்னக் கார், நிற்கிறது. வீட்டில் எல்லாரும் அதை ‘பக்கி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். திட்டுவது போல இருந்தாலும் பொருத்தமான பெயர்தான்; காசை அப்படித் தின்றது. கூரை கிடையாது, கதவு கிடையாது, முன்கண்ணாடி மட்டும் உண்டு. கோலகங்சார் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் பல வருடம் மழையில் கிடந்ததை வாங்கி வந்தேன். இப்போது ஓடுகிறது. இதே மாதிரி ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டு எங்கே தொடங்குவது என்று விழிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

கிட் கார் என்பது தொழிற்சாலையிலிருந்து முழுதாக வெளிவந்த வண்டி இல்லை. உடம்பை மட்டும் ஒருவர் செய்து விற்பார். இன்ஜின், கியர்பாக்ஸ், சக்கரம் எல்லாவற்றையும் ஒரு பழைய காரிலிருந்து கழற்றி, வாங்கியவரே வீட்டில் வைத்துப் பூட்டிக்கொள்வார். 1964இல் கலிபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் என்பவர் ஃபைபர்கிளாஸ் பகி ஒன்றைச் செய்தார். அடுத்தடுத்து வந்தவை ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் அடித்தட்டை வெட்டிக் குட்டையாக்கி அதன்மேல் உட்கார்ந்தன. பீட்டில் என்றால் நம் ஊர் மலாய்க்காரர்கள் ‘கெரெத்தா கூரா’ என்பார்களே, அந்த ஆமைக் காடிதான். மேயர்ஸின் பகியைப் பார்த்து உலகம் முழுக்க நகல் எடுத்தார்கள். என்னுடையதும் ஒரு நகல். செய்தவர் பெயர்த் தகடும் இல்லை, கையேடும் இல்லை.

அதனால்தான் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் முதல் கேள்விக்கே மாட்டிக்கொள்வோம். “என்ன காடி? எந்த வருசம்?” என்பார்கள். என்னத்தைச் சொல்வது? ஈப்போவில் நாலு கடை ஏறி இறங்கி, ‘இல்லை’ என்ற பதிலையே கேட்டுச் சலித்திருந்தபோது கடை முதலாளியான ஒரு வயதான சீனத் தவுக்கே பாசார் மலாயில் சொன்னார்: காடி பேரு வேண்டாம், சாமானைக் கழற்றிக் கையில கொண்டு வா. நான் செய்த வேலை முழுக்க அந்த ஒரு பேச்சிலிருந்து வந்ததுதான்.

முதலில் கிராண்ட், அப்புறம்தான் காடி

பணம் கொடுப்பதற்கு முன் கிராண்டை, அதாவது வண்டியின் உரிமைப் பத்திரத்தை, கேளுங்கள். அதிலுள்ள சேசிஸ் எண்ணும் வண்டியில் அடித்திருக்கும் எண்ணும் ஒன்றா என்று நீங்களே பாருங்கள். பீட்டில் அடித்தட்டில் அந்த எண், நடுவில் முதுகெலும்பு போல ஓடும் பகுதியின் பின்பக்கம், பின்சீட் வரும் இடத்துக்கு அடியில் இருக்கும். சுரண்டிய தடமோ மேலே வெல்டிங் கட்டியோ தெரிந்தால் திரும்பி வந்துவிடுங்கள். உடம்பை மாற்றியதற்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) ஒப்புதல் வாங்கியிருக்கிறார்களா என்பதையும் கேட்க வேண்டும். பெயர் மாற்ற பி5 பரிசோதனைக்குப் போகும்போது இதெல்லாம் வெளியே வரும். கிராண்ட் இல்லாமல் ‘தோட்டத்துக்குள்ள ஓட்டிக்கலாம்’ என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அது காடி இல்லை, பழைய இரும்பு. அந்த விலைக்கு வாங்குவதானால் வாங்குங்கள்.

பூர்வீக நோட்டு

வீட்டுக்கு வந்ததும் ஸ்பேனரை எடுக்காதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகம், கைப்பேசி, மண்ணெண்ணெய், பழைய பல்துலக்கும் பிரஷ், மில்லிமீட்டர் கணக்கில் அளக்க ஒரு வெர்னியர் காலிப்பர் இருந்தால் போதும். ஒவ்வொரு சாமானையும் துடைத்து அதன்மேல் வார்த்திருக்கும் எண்ணைத் தேடி நோட்டில் எழுதுங்கள்; அது எந்தக் காடியிலிருந்து வந்தது என்ற பூர்வீகம் அதில்தான் இருக்கிறது. ஃபோக்ஸ்வேகன்காரர்கள் இந்த விஷயத்தில் நல்லவர்கள். அவர்களுடைய பாக எண்ணின் முதல் மூன்று இலக்கம், அந்தச் சாமான் முதலில் எந்த வண்டிக்காகச் செய்யப்பட்டது என்று சொல்லிவிடும். 111, 113 என்றால் பீட்டில். 211 என்றால் கொம்பி வேன். 311 என்றால் டைப் 3 என்ற 1500, 1600 கார்.

இதைத் தெரிந்துகொள்ள நான் கொடுத்த விலையைக் கேளுங்கள். கிராண்டில் இருந்த வருடத்தைச் சொல்லிப் பின்சக்கரத்துக்கு பிரேக் ஷூ தருவித்தேன். வந்தது 40 மில்லிமீட்டர் அகலம். கழற்றிய பழையதோ 45. கடைக்காரர்மேல் தப்பில்லை, நான் கேட்டதைத்தான் அனுப்பினார். பிரேக் டிரம்மைக் கவிழ்த்து வைத்து, பத்து நிமிடம் மண்ணெண்ணெயில் தேய்த்த பிறகு கறுப்பு மசிக்குள்ளிருந்து மெல்ல எழுந்து வந்தது: 3, 1, 1. என்றைக்கோ எவரோ பெரிய பிரேக் வேண்டும் என்று டைப் 3இன் பின்பிரேக்கை முழு செட்டாக மாட்டியிருக்கிறார். நல்ல வேலைதான், எழுதி வைத்திருக்கலாம்.

சக்கர போல்ட்டையும் எண்ணுங்கள். பழைய பீட்டில்களில் 5 போல்ட், அவை அமரும் வட்டம் 205 மில்லிமீட்டர். 1968 மாடலிலிருந்து பெரும்பாலும் 4 போல்ட், 130 மில்லிமீட்டர். முன்னால் நாலும் பின்னால் ஐந்தும் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள், அதையும் நோட்டில் எழுதுங்கள்.

அடித்தட்டு

முன்சக்கர ஹப்பின் நடுவிலிருந்து பின்சக்கர ஹப்பின் நடு வரை டேப் பிடியுங்கள். 2,400 மில்லிமீட்டர் வந்தால் வெட்டாத பீட்டில் தட்டு. கிட்டத்தட்ட 2,040 வந்தால் 14¼ அங்குலம் வெட்டி ஒட்டியது. இந்த ஓர் அளவு பின்னால் பெரிய தலைவலியைத் தவிர்க்கும். ஏனென்றால் குட்டையான தட்டுக்கு பீட்டிலின் ஆக்சிலரேட்டர், கிளட்ச், ஹேண்ட்பிரேக் கேபிள்கள் எதுவும் பொருந்தாது, எல்லாம் நீளமாக இருக்கும்.

ஒட்டிய இடத்தில் வெல்டிங் எப்படி இருக்கிறது என்று அடியில் புகுந்து பாருங்கள். ஜாக்கை மட்டும் நம்பிப் புகாதீர்கள், ஸ்டாண்ட் போடுங்கள். பீட்டிலில் பேட்டரி பின்சீட்டுக்கு அடியில் வலதுபக்கம் உட்காரும். ஆசிட் சொட்டி முதலில் ஓட்டை விழுவது அங்கேதான். ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள், உள்ளே போனால் தகடு மாற்ற வேண்டும். வெல்டிங்கை உடம்பைக் கழற்றி வைத்த பிறகுதான் செய்ய வேண்டும். ஃபைபர்கிளாஸ் பக்கத்தில் தீப்பொறி பறந்தால் பிடித்துக்கொள்ளும்.

சாமான் வேட்டை

பூர்வீகம் தெரிந்துவிட்டால் பாதி தேடல் முடிந்த மாதிரி. பீட்டில் சாமானுக்குப் பஞ்சமே இல்லை. 2003 ஜூலையில் மெக்சிகோவில் கடைசி வண்டி இறங்கும் வரை 2 கோடியே 15 லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். அத்தனை காடிக்கும் சாமான் வேண்டுமே, இன்னும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். இன்ஜின், பிரேக் சாமான்களை இணையத்தில் வாங்கலாம். ஆனால் நோட்டில் உள்ள பாக எண்ணையும் காலிப்பர் அளவையும் விற்பவருக்கு அனுப்பி, படம் வாங்கிப் பார்த்து, பிறகு காசு கட்டுங்கள்.

பேரிங்குக்கும் ஆயில் சீலுக்கும் கார் சாமான் கடையே தேவையில்லை. பேரிங்கின் வளையத்தில் எண் வெட்டியிருக்கும். பழைய ஸ்விங் ஆக்சில் பீட்டிலின் பின்சக்கர பேரிங் 6306. அதாவது உள்துளை 30, வெளிவட்டம் 72, தடிமன் 19 மில்லிமீட்டர். உலகம் முழுக்க அதே அளவு. செம்பனை ஆலைக்கு மோட்டார், கன்வேயர் சாமான் விற்கும் பேரிங் கடையில் போய் எண்ணைச் சொன்னேன். அந்தப் பையன் தலையைக்கூட நிமிர்த்தாமல் எடுத்துக் கொடுத்தான். ஆயில் சீலிலும் மூன்று அளவு அச்சிட்டிருக்கும். ஃபேன் பெல்ட்டில் ‘9.5×905’ போல அகலமும் நீளமும் இருக்கும். எழுத்து அழிந்திருந்தால் பழையதைக் கொண்டுபோய் அளக்கச் சொல்லுங்கள்.

கேபிள்களை மோட்டார் சைக்கிள் கேபிள் செய்பவரிடம் பழையதைக் கொடுத்து அதே நீளத்துக்குக் கட்டி வாங்கினேன். 7 அங்குல வட்ட ஹெட்லைட் பழைய லேண்ட் ரோவருக்கும் அதே அளவுதான். தோட்டங்களில் அந்த வண்டிகள் ஓடிய காலத்துச் சாமான் பழைய ஸ்டோர்களில் இன்னும் தூங்குகிறது, கேட்டால்தான் எழும். முன்கண்ணாடி தட்டையாக இருந்தால் கண்ணாடிக் கடையிலேயே வெட்டித் தருவார்கள். லேமினேட்டட் என்று கேட்டு வாங்குங்கள். டெம்பர் செய்த கண்ணாடியை வெட்டவே முடியாது, தூளாகிவிடும்.

வைப்பர் மோட்டாருக்கு மட்டும் எந்த எண்ணும் கிடைக்கவில்லை. பாதியாக வெட்டிய பழைய கார்களை விற்கும் ஹாஃப்கட் கடையில் ஜப்பான் குட்டிக் கார் ஒன்றின் மோட்டாரை அளந்து எடுத்து வந்து தகடு வளைத்துப் பொருத்தினேன். அதையும் நோட்டில் எழுதிவிட்டேன். எனக்கு அடுத்து வாங்குகிறவன் என்னைத் திட்டக்கூடாது.

ஃபைபர்கிளாஸ்

விரிசல்மேல் பட்டி பூசி மறைத்தால் அடுத்த குழியில் மறுபடி வாய் திறக்கும். விரிசலை ‘வி’ வடிவில் கிரைண்டரால் திறந்து, உட்பக்கம் 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, கண்ணாடி இழை விரிப்பான ஃபைபர் மேட்டை ரெசின் பிசினில் நனைத்து உள்ளிருந்து இரண்டு மூன்று அடுக்கு ஒட்டுங்கள். ரெசினை இறுக வைக்கும் ஹார்டனர் 1 சதவீதம் போதும், நம் ஊர் வெயிலுக்கு 2 போட்டால் டப்பாவிலேயே கல்லாகிவிடும். சின்னக் கோப்பையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். மாஸ்க் கட்டாயம். தேய்க்குமுன் கைகளில் முகப்பவுடர் பூசிக்கொண்டால் அரிப்பு குறையும். முடித்ததும் குளிர்ந்த நீரில் கழுவுங்கள்.

வயரிங்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. இரும்பு உடம்புக் காரில் விளக்கின் எர்த் உடம்பு வழியாகவே பேட்டரிக்குத் திரும்பிவிடும். ஃபைபர்கிளாஸில் மின்சாரம் ஓடாது. என் பக்கியில் சிக்னல் போட்டால் பின்விளக்கு மங்கி மங்கி எரிந்தது, பிரேக்கை மிதித்தால் சிக்னல் நின்றது. திரும்ப வழியில்லாத மின்சாரம் பக்கத்து விளக்கின் இழை வழியாகச் சுற்றிப் போயிருக்கிறது. ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக ஒரு கறுப்பு வயர் இழுத்து, அடித்தட்டில் பெயிண்டைச் சுரண்டிய ஓரிடத்தில் எல்லாவற்றையும் சேர்த்து போல்ட் போடுங்கள். ஒரு மாலை வேலை, அவ்வளவுதான்.

பிரேக், பிறகு இன்ஜின்

ஓட வைக்கும் அவசரத்தில் எல்லாரும் இன்ஜினைத்தான் முதலில் தொடுவார்கள். நான் பிரேக்கைச் சொல்வேன். ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். நாலையும் மாற்றுங்கள், மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்து.

இன்ஜின் பல வருடம் நின்றிருந்தால் பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்கள். காலையில் ஸ்பேனரால் கையாலேயே சுற்றிப் பாருங்கள். சுற்றினால் பழைய ஆயிலை வடித்துப் புதிதாக 2.5 லிட்டர் ஊற்றுங்கள். வால்வ் இடைவெளி இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது 0.15 மில்லிமீட்டர். பிளக் வயர் வரிசை 1-4-3-2. பெட்ரோல் ஹோஸ் முழுவதையும் மாற்றி கிளிப் போடுங்கள். பிளாஸ்டிக் ஃபில்டரை டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்தில் தொங்கவிடாதீர்கள். இந்த இன்ஜின்கள் எரிந்து போன கதைகளில் பாதி அங்கேதான் தொடங்கும். ஒரு தீயணைப்பானும் சீட் ஓரத்தில் இருக்கட்டும்.

இன்ஜினைச் சுற்றியுள்ள தகடுகளை ‘அழகாக இல்லை’ என்று கழற்றிப் போட்டிருப்பார்கள். தேடி வாங்கி மாட்டுங்கள். காற்றால் குளிரும் இன்ஜின் அது. தகடு இல்லையென்றால் ஃபேன் வீசும் காற்று சிலிண்டருக்குப் போகாமல் வெளியே போய்விடும்.

முதல் ஓட்டத்தைத் தோட்டத்துச் செம்மண் சாலையில், ரப்பர் பால் லோரி வராத நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, நாலு டிரம்மையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அந்தப் பக்கம் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. 50 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர போல்ட்டுகளையும் உடம்பை அடித்தட்டோடு பிடிக்கும் போல்ட்டுகளையும் மறுபடி முறுக்குங்கள். எனக்கு உடம்பு போல்ட் மூன்று தளர்ந்திருந்தது.