டிராகுலாவை ஒரு ஃபைலைப் போலப் படிப்பது எப்படி

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். செக்ரோல் என்ற ஆள் வருகைப் பதிவேட்டை எழுதிப் பழகிய கை. அதனாலோ என்னவோ, 'டிராகுலா'வை எனக்குப் பேய்க்கதையாகப் படிக்க வரவில்லை. ஆபீஸ் ஃபைலாகத்தான் படிக்க வந்தது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லிக்கொடுக்கிறேன்.

முதலில் சினிமாவை மறந்துவிடுங்கள். 1897-இல் பிராம் ஸ்டோக்கர் வெளியிட்ட நாவலில் டிராகுலா பட்டப்பகலில் லண்டன் தெருவில் நடமாடுகிறான். வெயில் பட்டுச் சாவதெல்லாம் 1922-இல் வந்த 'நோஸ்ஃபெராட்டு' படம் கொடுத்தது. கழுத்தில் ஆணி அடித்தால் பொந்தியானாக் என்ற மலாய்ப் பெண்பேய் அடங்கிவிடும் என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள், இவனை எப்படி அடக்குவது என்று உடனே கேட்பார்கள். சொல்லிவிடாதீர்கள்.

அப்புறம் ஒரு நோட்டு எடுத்து, பக்கத்தை மூன்றாகப் பிரித்துக் கோடு போடுங்கள். தேதி, எழுதியவர், எழுதியவருக்குத் தெரியாதது. கதை முழுக்க டைரி, கடிதம், தந்தி, பத்திரிகைச் செய்தி, கப்பல் குறிப்பு என்றுதான் போகும். டிராகுலாவின் கோட்டைக்குப் போகும் இளம் வக்கீல் ஜோனதன் ஹார்க்கரின் டைரி மே 3-இல் தொடங்கி ஜூன் 30 வரை கோட்டைக்குள் நம்மைப் பூட்டிவைக்கிறது. அதை முடித்துப் பக்கம் புரட்டினால் அவருக்கு நிச்சயமான மினா மே 9 தேதியிட்டு எழுதிய கடிதம்: ஜோனதன் நலம், ஒரு வாரத்தில் திரும்பிவிடுவாராம்! மூன்றாவது கட்டத்தை அங்கே நிரப்பிப் பாருங்கள், வயிற்றைக் கலக்கும்.

நூறு வருடம் தாண்டியும் இந்த நாவல் விலைபோவது அந்தக் கட்டத்தால்தான் என்பேன். மினாவின் தோழி லூசியை டிராகுலா அண்டாமலிருக்க அவள் அறையில் வைத்த பூண்டுப் பூவை அவள் அம்மாவே எடுத்து வெளியே போட்டு, ஜன்னலையும் திறந்துவிடுகிறாள். காரணத்தை யாரும் அவளிடம் சொல்லவில்லை. சில நாள் கழித்து, லூசிக்கு இரவு காவலிருக்கச் சொல்லி டாக்டர் வான் ஹெல்சிங் அனுப்பிய தந்தி, முகவரியில் மாவட்டம் இல்லாததால் 22 மணி நேரம் தாமதமாகிறது. டிராகுலாவுக்குப் பல்லே தேவையில்லை, தபால் இலாகா போதும்.

முதல் நான்கு அத்தியாயத்துக்குப் பிறகு அவன் தலை எப்போதாவதுதான் தெரியும். அலுத்துப் புத்தகத்தை மூடிவிடாமல், அவன் இல்லாத பக்கங்களில் யாருக்கு உடம்பு மெலிகிறது, எந்த ஜன்னல் திறந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். விட்பி என்ற இங்கிலாந்துக் கடலோர ஊர்க் கிழவரின் கொச்சை இங்கிலீஷ் கடினம். கல்லறையில் எழுதியிருப்பதெல்லாம் பொய் என்கிறார், அது பிடிபட்டால் சரி, தாண்டிவிடலாம்.

என் கட்சி மினாதான். எல்லார் தாளையும் தேதிவாரியாக டைப் அடித்து, நகலும் எடுத்துவைக்கிறாள். டிராகுலா கையெழுத்துப் பிரதிகளை எரித்துவிடுகிறான். பெட்டகத்தில் இருந்த நகல் தப்புகிறது. நீங்களும் நோட்டைப் பத்திரமாக வையுங்கள். புத்தகத்தை இரவல் கேட்பவர்களுக்கு அதைச் சேர்த்துக் கொடுக்க வேண்டாம், முடிவு அதில் எழுதியிருக்கும்.